சுருக்கிய படமும் சுருங்கிய சான்றும்

படமெடுக்கும் கருவி, பேசும் கருவியின் ஓர் உறுப்பாகி ஒவ்வொருவர் சட்டைப்பைக்குள்ளும் வந்து அமர்ந்துவிட்ட காலம் இது. திருமண வீட்டில் வாழ்த்துவோரைக் காட்டிலும் படமெடுப்போர் தொகை மிகுதி. உண்ணுமுன் இலையைப் படமெடுப்பதும், உண்டு கை கழுவுமுன் அதனை ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவதும் வழக்கமாகிவிட்டன. இவற்றைக் கடிந்துரைக்கும் நோக்கம் எமக்கில்லை. அவரவர் மகிழ்ச்சி அவரவர்க்கு. அத்தகைய படம் அழிந்தொழியின் அழுவார் இலர், இருப்பின் மகிழ்வார் சிலர், அவ்வளவே.

யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது வேறு வகைப் படம். கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டு, ஏரிக்கரையில் சாய்ந்து நிற்கும் நடுகல், பரண்மேல் கிடந்து கறையானுக்குத் தப்பிய ஓலைச்சுவடி, பாட்டன் காலத்து நிலவோலை, பாறைக் குகையில் மங்கிக் கிடக்கும் செங்காவி ஓவியம், ஒரே ஒரு படி மட்டும் எஞ்சியுள்ள பழைய இதழ் ஆகிய இவற்றின் படங்களைப் பற்றியதே நம் பேச்சு. இவை வேடிக்கைப் படங்கள் அல்ல, சான்றுகள். இவற்றை ஆர்வத்தோடு தேடிச் சென்று படமெடுக்கும் இளைஞர் இன்று ஊர்தோறும் உளர். அவர்தம் உழைப்பைப் போற்றுகின்றோம். ஆயின் அவருட் பலர், எடுத்த அன்றே படத்தைச் சுருக்கி இணையத்தில் ஏற்றுகின்றனர். ஏற்றிய மறுநாளே கைப்பேசியில் இடமில்லை என்று முதற்படத்தை அழித்துவிடுகின்றனர். பிறகு உலகில் எஞ்சுவது அந்தச் சுருங்கிய படம் ஒன்றே. இச் செயலின் கேட்டைத்தான் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

(இடையில் ஒரு சொல்: 'புகைப்படம்' என்று இன்னும் சிலர் எழுதி வருகின்றனர். புகைக்கும் படத்திற்கும் என்ன உறவு? ஒளியால் எழுதப்படுவது ஒளிப்படம். அடுப்பங்கரையில் மாட்டிய படம் வேண்டுமாயின் புகைப்படம் ஆகலாம்.)

நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்தனர் நம் இலக்கணத்தார். படங்களையும் அவ்வாறே பகுத்துக் கொள்வோம். கருவி எடுத்தபடியே உள்ளது முதற்படம். அதனைச் சுருக்கிச் செய்தது வழிப்படம். வழிப்படத்தைப் பெற்றவர் மேலும் வெட்டியும் ஒட்டியும் தம் பெயரைக் குறுக்கே பொறித்தும் பரப்புவது சார்புப்படம். முதனூல் கையிலிருக்க வழிநூல் செய்வது கல்விப்பணி. முதனூலை எரித்துவிட்டு வழிநூலைக் காட்டுவது எப்பணி?

சுருக்குதல் என்பதை நம்மவர் மிக எளிதாகக் கருதுகின்றனர். கணக்கைப் பார்ப்போம். இக்காலக் கைப்பேசி எடுக்கும் படம் பெரும்பாலும் நீளவாக்கில் 4000, அகலவாக்கில் 3000 படப்புள்ளிகள் கொண்டது. பெருக்கின் 1 கோடியே 20 இலக்கம் புள்ளி. அதனை 1000-க்கு 750 என்று குறைக்கிறார் ஒருவர். வினவினால், “கால் பங்காகத்தானே ஐயா குறைத்தேன்?” என்கிறார். நீளம் கால் பங்காயிற்று. அகலமும் கால் பங்காயிற்று. ஆகவே பரப்புப் பதினாறில் ஒரு பங்காயிற்று. எஞ்சியவை 7 இலக்கத்து 50 ஆயிரம் புள்ளிகளே. பழந்தமிழ்க் கணக்கில் இதற்கு மாகாணி என்று பெயர். ஒரு வேலி நிலத்தை விற்று மாகாணி நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கால் வேலி இருக்கிறது என்று மகிழ்வது போன்றது இது. பக்க அளவைப் பாதியாக்கினால் படம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது என்னும் இச் சிறு கணக்கை எட்டாம் வகுப்பு மாணவனும் போட்டுவிடுவான். படம் சுருக்கும் பெரியவர்கள் போட்டுப் பார்ப்பதில்லை.

இனி, இக் கணக்கை ஓர் ஓலைச்சுவடியின்மேல் ஏற்றிப் பார்க்க. 40 செ.மீ. நீளமும் மூன்றரை செ.மீ. அகலமும் உள்ள ஓலையொன்றில் எட்டு வரிகள் உள்ளன எனக் கொள்வோம். அதன் நீளம் முழுதும் 4000 புள்ளிகளில் அடங்குமாறு படமெடுத்தால், ஒரு செ.மீ.க்கு 100 புள்ளி விழும். ஒரு வரிக்கு ஏறத்தாழ 40 புள்ளி உயரம் கிடைக்கும். எழுத்தின் உடலுக்கு 25 புள்ளி கிடைத்தால் அரிது. எழுத்தாணிக் கீறல் இரண்டு மூன்று புள்ளி அகலம் தேறும். படிக்கலாம்; வருந்திப் படிக்க வேண்டும், எனினும் படிக்கலாம். அதே படத்தை 1000 புள்ளி நீளமாகச் சுருக்கினால் வரியின் உயரம் 10 புள்ளி. எழுத்திற்கு ஆறு புள்ளி. கீறலுக்கு ஒரு புள்ளியும் முழுமையாக இல்லை. ஒரு புள்ளிக்குள் கீறலும் ஓலையும் கலந்து பழுப்பு நிறமாய் மங்கி நிற்கும். பார்ப்பதற்கு அழகிய ஓலையின் படமாக இருக்கும். படிப்பதற்கு ஒன்றும் இராது. இவ்வேறுபாட்டைச் சிறு திரையில் பார்ப்பவர் உணரார். உள்ளங்கை அளவுத் திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதே ஏமாற்றத்திற்கு முதற் கரணியம்.

புள்ளி குறைந்தால் என்ன, பொருள் விளங்கினால் போதாதா என்று சிலர் கேட்பர். பிற எழுத்துகளில் எப்படியோ, நம் பழைய எழுத்துமுறையை அறிந்தவர் அவ்வாறு கேளார். சுவடிகளிலும் கல்வெட்டுகளிலும் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரமும் ஏகாரமும் வடிவில் வேறுபடா. ஒகர ஓகாரங்களும் அவ்வாறே. ரகரமும் ஆகாரத்தின் காலும் ஒன்றுபோலவே நிற்கும். இத்தனை மயக்கங்களுக்கு இடையே படிப்பவனுக்குத் துணையாவன எஞ்சியிருக்கும் கோடுகளும் வளைவுகளுமே. யானையையும் பானையையும் பிரித்துக் காட்டுவது ஒரு சிறு சுழி. ககரத்தையும் தகரத்தையும் பிரிப்பது ஒரு சிறு வளைவு. கல்வெட்டில் 'பத்து' என்றிருக்கிறதா 'எட்டு' என்றிருக்கிறதா, நிலம் கொடுத்தவன் பெயரின் ஈற்றெழுத்து யாது, ஆட்சியாண்டின் எண் எது என்பவையெல்லாம் அத்தகைய சிறு கோடுகளில் தொங்கி நிற்பவை. அரசன் ஒருவனின் காலத்தையே முன்பின்னாக நகர்த்திவிடக்கூடிய கோட்டை, அனுப்புவதற்கு எளிது என்னும் ஒரே கரணியத்தால் நாம் அழித்துவிடுகிறோம்.

அளவைக் குறைப்பதோடு நின்றாலும் ஒருவாறு பொறுக்கலாம். அதன்மேல் அமுக்கல் என்னும் வேறொன்றும் நிகழ்கிறது. இணையத்தில் உலவும் ஒளிப்படங்களிற் பெரும்பாலன 'சேபெக்கு' என்னும் வடிவின. ஒளிப்பட வல்லுநர் கூட்டுக்குழு என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர் அது. 1992-ஆம் ஆண்டு தரநிலையாக்கப்பட்டது. அதற்கு அடிப்படையான கணக்குமுறையை 1974-இல் நசீர் அகமது, நடராசன், இராவு ஆகிய மூவர் கட்டுரையாக வெளியிட்டனர். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் ஒளிநிழலை வைத்துக்கொண்டு, விரைந்து மாறும் நுண்மைகளைக் குறைத்துவிடுவது அம்முறை. மாந்தக் கண் நுண்மையை அவ்வளவாகப் பொருட்படுத்தாது என்னும் உண்மையின்மேல் கட்டப்பட்டது. முகத்திற்கும் வானத்திற்கும் மலைக்கும் அது மிகச் சிறந்த முறை; அறிவுக்கூர்மை வாய்ந்த கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் எழுத்து என்பது யாது? கருமையும் வெண்மையும் ஒரே புள்ளியில் சட்டென மாறும் விளிம்பே எழுத்து. எந்த நுண்மையைத் தேவையில்லை என்று அம்முறை கழிக்கிறதோ அந்த நுண்மையே நமக்கு எழுத்தாக இருக்கிறது. மிகுதியாக அமுக்கிய படத்தில் எழுத்தைச் சுற்றிக் கொசுக்கூட்டம்போல் கறை மொய்ப்பதைப் பலரும் கண்டிருப்பர். கல்வெட்டில் அந்தக் கறைக்கும் கல்லின் பொரிவுக்கும் வேறுபாடு தெரியாது.

வண்ணத்தில் இழப்பு இன்னும் மிகுதி. கண்ணுக்கு ஒளியளவின் வேறுபாடு தெரியுமளவு நிற வேறுபாடு தெரியாது என்பதால், சேபெக்கு வடிவம் நிறச்செய்தியைப் பெரும்பாலும் பாதிக்கும் கீழாகக் குறைத்தே வைக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலை, செத்தவரை முதலிய இடங்களில் உள்ள பாறை ஓவியங்களை எண்ணிப் பார்க்க. பல இடங்களில் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் செங்காவிக் கோடுகளே அவை. இத்தகைய மங்கிய ஓவியங்களின் நிறத்தைப் பிரித்து மிகுத்துக் காட்ட, 'டீசிட்ரெட்சு' என்னும் மென்பொருளைச் சான் ஆர்மன் என்பார் 2005 அளவில் உருவாக்கினார். உலகெங்கும் பாறை ஓவிய ஆய்வாளர் அதனைக் கையாள்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத மானையும் வேட்டுவனையும் அது வெளிக்கொணரும். ஆயின் நிறச்செய்தி உள்ள முதற்படத்தைத்தான் அது மிகுத்துக் காட்ட முடியும். அமுக்கிய படத்தைக் கொடுத்தால், மானுக்கு மாற்றாக எட்டுக்கு எட்டுக் கட்டங்களே பெரிதாகித் தெரியும். இன்று கண்ணுக்குத் தெரியாததை நாளை வரும் கருவி காட்டக்கூடும்; காட்டுவதற்கு ஏதேனும் எஞ்சியிருந்தால்தானே?

“எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்” என்பது நம் நாட்டுப் பழமொழி. ஏடு பெயர்த்தெழுதியவர் கைபிழைத்தும் கண்பிழைத்தும் பாடத்தைத் திரித்தனர். அவர் செய்த பிழை ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் நேர்ந்ததாகலின், பல படிகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடத்தைக் காண முடிந்தது. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்தது அதனாலன்றோ? இணையத்தில் ஆயிரம் பேர் பகிரும் ஒரே படத்தின் ஆயிரம் படிகளை ஒப்பிட்டு என் காண்பது? எல்லாம் ஒரே சுருங்கிய படத்தின் படிகள். ஒன்றில் இல்லாத எழுத்து மற்றொன்றிலும் இராது. ஒவ்வொரு முறை திறந்து மாற்றிச் சேமிக்கும்போதும், ஒவ்வொரு தளம் தன் அளவிற்கு மறுபடியும் அமுக்கும்போதும் இழப்புக் கூடுமேயன்றிக் குறையாது. ஆயிரம் பேர் பார்த்துவிட்டனர் என்பதனால் பாதுகாக்கப்பட்டதாக ஆகாது.

வாட்சாப்பு என மக்கள் வழங்கும் புலனத்தை எடுத்துக்கொள்வோம். அதன்வழி இயல்பான முறையில் அனுப்பும் படம், நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளி அளவிற்குச் சுருக்கி அமுக்கப்பட்டே மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது. அனுப்புபவர் எதனையும் சுருக்கவில்லை. சுருங்கியது அவருக்குத் தெரியவும் தெரியாது. அதனினும் பெரிய இழப்பொன்று உண்டு. கைப்பேசி எடுக்கும் ஒவ்வொரு படத்திற்குள்ளும் எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர், அமைப்புத் திறந்திருந்தால் இடத்தின் நிலக்கோட்டு அளவு ஆகியவை மறைவாகப் பொதியப்பட்டிருக்கும். 1995-இல் நிப்பானியர் வகுத்த முறை அது. புலனமும் முகநூலும் படத்தைப் பிறருக்குக் காட்டும்போது அக் குறிப்புகளை நீக்கிவிடுகின்றன. விளைவு யாது? எவ்வூர்க் கல், எந்நாள் எடுத்தது, எவர் எடுத்தார் என்று தெரியாத படங்கள் இலக்கக்கணக்கில் மிதக்கின்றன. ஒரே நடுகல்லின் படம் நான்கு மாவட்டங்களின் பெயரால் உலவுவதைக் காண்கிறோம். பெயரும் ஊரும் அற்ற கல்வெட்டுப் படம், தாய்தந்தை பெயர் தெரியாது திருவிழாவில் தொலைந்த குழந்தையை ஒக்கும்.

எம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பயின்ற மாணவன் ஒருவன் தன் ஊர் ஏரிக்கரையில் மூன்று வரி எழுத்துடைய நடுகல்லைக் கண்டான். தந்தையின் கைப்பேசியில் படமெடுத்து வகுப்புக் குழுவிற்கு அனுப்பினான். பாராட்டுகள் குவிந்தன. கல்வெட்டறிஞர் ஒருவருக்கு யாம் அதனை அனுப்பியபோது அவர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, “முதற்படம் வேண்டும், மற்ற இரு வரியும் நூலாம்படைபோல் தெரிகின்றன” என்றார். மாணவனைக் கேட்டோம். “இல்லை ஐயா, பேசியில் இடமில்லை என்று அப்பா அழித்துவிட்டார்” என்றான். மீண்டும் எடுத்து வரலாமே என்றால், கரையை அகலப்படுத்தும் பணி அதற்குள் நடந்து முடிந்துவிட்டது. கல் மண்ணுக்குள் எங்கோ கிடக்கிறது. அச் சிறுவன்மீது எவரும் குறை சொல்லலாகாது. கண்டவனும் அவனே, படமெடுத்தவனும் அவனே. அவனுக்குச் சொல்லித் தர ஆளில்லை என்பதே குறை.

இவ்வாறு கல் மறைவது எங்கோ ஒரோவழி நிகழ்வதன்று. திருப்பணி என்னும் பெயரால் மணலைப் பீய்ச்சியடித்துக் கோயிற் சுவர்களைத் தூய்மை செய்ததால் எழுத்து மழுங்கிய இடங்கள் பல. பைஞ்சுதை பூசியும், வண்ணம் அடித்தும், கல்லைப் பெயர்த்து மாற்றியடுக்கியும் கெட்டவை இன்னும் பல. அத்தகைய இடங்களில் பழைய படமே கல்லாக நின்று சான்று சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். 1886-இல் பணியேற்ற செருமானியரான உல்சு காலந்தொட்டுக் கல்வெட்டுத் துறையினர் எடுத்த மைப்படிகளை நோக்குக. நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்துப் பள்ளத்தில் படியச்செய்து, அதன்மேல் மையை ஒற்றியெடுப்பர். கல் எத்தனை முழமோ தாளும் அத்தனை முழம். ஓர் இழையளவும் சுருக்கம் இல்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதற் தொகுதி 1890-இல் வெளிவந்தது. அக்காலத்தே தாளும் மையும் சுமந்து மாட்டுவண்டியில் சென்றவர் முழு அளவில் படியெடுத்தனர். கையகலக் கருவியில் கோடிப் புள்ளி பெற்ற நாம் அதனை மாகாணியாக்கி மகிழ்கிறோம்.

புள்ளிக்கே பஞ்சம் இருந்த காலமும் உண்டு. 1957-இல் அமெரிக்க நாட்டில் இரசல் கிர்சு என்பார் தம் மூன்று திங்கள் மகவின் படத்தை முதன்முதலாகக் கணிப்பொறிக்குள் செலுத்தியபோது அது 176-க்கு 176 புள்ளி. 1975-இல் கோடாக்கு நிறுவனத்துப் பொறிஞர் சுடீவன் சாசன் செய்த எண்மப் படக்கருவி 10,000 புள்ளி கொண்ட படமொன்றை ஒலிநாடாவில் பதிக்க 23 நொடி எடுத்துக்கொண்டது. அவர்கள் சுருக்கமாக வைத்தது இல்லாமையால். இன்று 64 கிகாபைட்டு நினைவட்டை ஒன்றில், படம் ஒன்றுக்கு 5 மெகாபைட்டு என்று கொண்டாலும் 12,000 படத்திற்குமேல் அடங்கும். நகத்தளவு அட்டை அது. ஆகவே இடமில்லை என்பது இனிமேல் விடையாகாது.

சுருக்கிய படத்தில் எழுத்து மங்குவது ஒரு கேடு. மங்காமல் மாறிவிடுவது அதனினும் பெருங்கேடு. 2013-இல் செருமனி நாட்டுக் கணினி அறிஞர் தாவீது கிரீசல் என்பார் ஒன்றைக் கண்டுபிடித்தார். செராக்சு நிறுவனத்தின் படியெடுக்கும் பொறியொன்றில் கட்டட வரைபடத்தை இட்டுப் படியெடுத்தபோது, வெவ்வேறு பரப்புடைய மூன்று அறைகளுக்கும் ஒரே பரப்பளவு அச்சாகி வந்தது. ஆய்ந்தபோது, அமுக்குவதற்காக ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளை ஒரே வார்ப்பாகக் கொண்டு ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அப்பொறி வைத்துவிட்டது என்பது புலனாயிற்று. 6 இருந்த இடத்தில் 8 தெளிவாக, அழகாக, ஐயத்திற்கு இடமின்றி நின்றது. மங்கிய எழுத்தை நாம் ஐயுறுவோம். தெளிந்த பொய்யை எவ்வாறு ஐயுறுவது?

அண்மைக் காலத்தில் இது வேறு வடிவில் பெருகியிருக்கிறது. சிறிய படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கித் தருவோம் என்று செயற்கை அறிவு மென்பொருள்கள் வந்துள்ளன. இழந்த புள்ளியை எவராலும் மீட்க இயலாது. தான் முன்பு பார்த்த படங்களைக்கொண்டு இங்கே இது இருந்திருக்கலாம் என்று புனைந்து நிரப்பவே இயலும். 2020-இல் இத்தகைய மென்பொருள் ஒன்றிடம் அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஒபாமாவின் சுருங்கிய படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தெளிவுற வரைந்து தந்தது. உலகறிந்த முகத்திற்கே இந்நிலையென்றால், உலகறியாத ஊர்க் கல்வெட்டின் தேய்ந்த எழுத்திற்கு என்ன நேரும்? சுருங்கிய படத்தைப் பெரிதாக்கி, அதில் தெளிவாகத் தெரிகிறது என்று பாடம் படித்து, அதன்மேல் வரலாறு எழுதும் நாள் வந்துவிட்டது. கட்டுரையாளர் சிலர் இப்போதே அவ்வாறு எழுதத் தொடங்கியிருத்தல் கூடும் என அஞ்சுகின்றோம்.

“இணையத்தில் ஏற்றிவிட்டோம், இனி என்றைக்கும் இருக்கும்” என்னும் நம்பிக்கையும் பொய்யானது. பயனில்லையென்று நிறுவனம் கருதிய நாளில் கதவு சாத்தப்படும். சியோசிட்டீசு என்னும் தளம் 2009-இல் மூடப்பட்டது. படங்களை வைத்துக்கொள்ள இடந்தந்து வந்த போட்டோபக்கெட்டு 2017-இல் திடுமெனக் கட்டணம் கேட்டதால், பிற தளங்களில் பல்லாண்டுகளாகத் தெரிந்துவந்த படங்கள் இருந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டங்களாயின. யாகூ குழுக்களில் சேர்ந்திருந்த கோப்புகளும் படங்களும் 2019, 2020 ஆண்டுகளில் நீக்கப்பட்டன. தமிழ்க் குழுக்களும் அவற்றுள் உண்டு. இவற்றுள் எவரும் நமக்குப் பகைவர் அல்லர். கடைக்காரர் கடையை மூடினார்; அவ்வளவே. பேணிக் காப்பதாக அவர் என்றும் உறுதி கூறியதில்லை.

இழப்பின் அளவை அறிந்த இனம் நாம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அச்சு நூல்களுட் பலவற்றுக்கு வேறிடத்தில் படி கிடைத்தது. படியெடுத்து வைக்காத சுவடி மீளவே இல்லை. 2005 முதல் நூலகம் என்னும் பெயரால் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்மமாக்கி வருவோர், அவ்வெறுமையை அறிந்தே பணிபுரிகின்றனர். சென்னையில் 1994-இல் அமைந்த உரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய நூல்களை நுண்படச் சுருளில் ஏற்றியது. இத்தகைய காப்பகங்களின் முறையை நோக்குக. முழு அளவுள்ள, இழப்பில்லாத வடிவில் ஒன்றைக் காப்புப்படியாக வைப்பர். அதனைத் தொடவே மாட்டார்கள். படிப்போர்க்குத் தருவது அதிலிருந்து செய்த சிறு படி. வீட்டில் நெல்லைச் சேர் கட்டி வைப்பவன் விதைநெல்லைத் தனியே வைப்பதை ஒத்தது இம்முறை.

ஆகவே யாம் சுருக்குதலை எதிர்க்கவில்லை என்பது விளங்கும். சிற்றூரில் அலைவரிசை குறைவு. தரவுக்குக் காசு வேண்டும். பெரும்படம் திறக்காமல் சுழன்றுகொண்டே இருக்கும் என்பன எல்லாம் உண்மை. பொதுவில் காட்டுவதற்குச் சிறிய படமே ஏற்றது. சில இடங்களில் குறிப்பு நீக்குவதும் நன்மையே. காவலற்ற சிற்றூர்க் கோயிலின் செப்புத் திருமேனியைப் படமெடுத்து, நிலக்கோட்டு அளவோடு உலகுக்கு அறிவிப்பவர், தம்மை அறியாமலே கள்வர்க்கு வழிகாட்டுகிறார். குழந்தைகளின் படத்தை வீட்டின் இருப்பிடத்தோடு ஏற்றுவதும் அத்தகையதே. அங்கெல்லாம் இடக்குறிப்பை நீக்கியே வெளியிடுக. ஆயின் நீக்குவது வழிப்படத்திலிருந்து, முதற்படத்திலிருந்து அன்று.

செய்முறை எளிது. படத்தைச் சுருக்குமுன் அதற்கொரு படியெடுத்து, அப்படியைச் சுருக்குக. முதற்படம் கைப்பேசியிலிருந்து கணினிக்கும், அங்கிருந்து வேறொரு வட்டிற்கும் போகட்டும். இரண்டும் ஒரே வீட்டில் இல்லாதிருத்தல் நன்று. அறிஞர்க்கு அனுப்புங்கால் புலனத்தில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் சுருங்காது போய்ச் சேரும். 2023 முதல் மிகுதெளிவு என்றொரு தேர்வும் அதில் உண்டு. அதுவும் முதற்படத்திற்கு ஈடாகாது. நீண்ட ஓலையை ஒரே படத்துள் அடக்க முயலாமல் மூன்று துண்டாக, ஒன்றன் ஓரம் மற்றொன்றில் படியுமாறு எடுக்க. கல்வெட்டிற்கு உச்சிவெயில் ஆகாது. காலையிலோ மாலையிலோ ஒளி பக்கவாட்டில் சாயும்போது எடுத்தால் பள்ளம் நிழலாகி எழுத்து எழுந்து நிற்கும். எழுத்துத் தெரியவேண்டி மாவையும் சுண்ணக்கட்டியையும் கல்லில் தேய்க்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துவிடுங்கள். கோல் இல்லையேல் ஒரு நாணயம் போதும்.

கைப்பேசி தானாக இடும் எண்ணையே பெயராக விட்டுவிடலும் கூடாது. ஊர், வட்டம், கல் நிற்கும் இடம், எடுத்த நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேனும் ஓர் ஏட்டிலேனும் அன்றே எழுதிவைக்க வேண்டும். பள்ளியில் தமிழாசிரியராக உள்ள அன்பர்கள், இவ்வாண்டு விடுமுறை தொடங்குமுன் தம் மாணவர் கைப்பேசிகளில் ஏற்கெனவே உள்ள நடுகல், கல்வெட்டு, சுவடிப் படங்களை, முதற்படம் எஞ்சியிருக்கும்போதே, ஒரு வட்டில் வாங்கி வைத்துவிடுவார்களாக. அழிக்குமுன் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னால் மாணவர் பொறுப்பர். ஏரிக்கரையில் மண் வெட்டும் பொறி பொறுப்பதில்லை.